எண்ணெய் அறைத் திறப்பு

வாரும் மருமோன், வாரும். படலையைச் சாத்திப்போட்டு வாரும், மாடு பூந்திடும். அந்தக் கதிரையில இருக்காதையும், அதுக்கு ஒரு கால் நொண்டி. வாங்கில இரும்.

என்ன முகம் உது? கனடாவில இருந்து வந்து இறங்கேக்கை பூரணை மாதிரி இருந்த முகம், ஆறு மாசத்தில அமாவாசையாப் போச்சு. "மாமா, எங்கட ஆக்கள் வேலை செய்ய மாட்டினம்" எண்டு படலையில ஒருக்காச் சொன்னீர், முத்தத்தில ஒருக்காச் சொன்னீர், இப்ப இருந்த கையோட மூண்டாந்தரம் சொல்லுறீர். கோயில்ல மூண்டு தரம் சுத்தினால் புண்ணியம். உதை மூண்டு தரம் சொன்னால் என்ன கிடைக்கும் எண்டு எனக்குத் தெரியாது. தேத்தண்ணி கிடைக்கும், பொறும்.

சரி, உவையள் சோம்பேறியள் எண்டே வைப்பம். ஒரு சின்னக் கேள்வி. ஸ்காபரோவில விடிய நாலு மணிக்கு எழும்பி, பனிக்குள்ள பஸ் பிடிச்சு ஒரு வேலை, பின்னேரம் இன்னொரு வேலை எண்டு ரெண்டு சிவ்ற் அடிக்கிறது ஆர்? எல்லாம் தும்பளை, புலோலி, அல்வாய்ப் பெடியள்தானே? அதில நீரும் ஒராள். இஞ்ச இருக்கேக்கை நீர் எப்பிடி எண்டு எனக்குத் தெரியாதோ? தோட்டத்துக்குத் தண்ணி மாறச் சொன்னால் வாழைக்குள்ள துவாயை விரிச்சுப் படுத்த ஆள். மிளகாய்க்குப் போகவேண்டிய தண்ணி முழுக்க ஒழுங்கையால ஓடிப் பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர சப்பாத்து நனைஞ்சது. அப்பிடிப்பட்டவருக்குக் கட்டுநாயக்காவில பிளேன் ஏறேக்கை என்ன ஊசி போட்டவை? அந்த ஊசி இஞ்சயும் கிடைக்குமெண்டால் எனக்கும் ஒண்டு எடுத்துத் தாரும், முழங்கால் உழைவுக்குப் போடலாம்.

அங்க உமக்கு மேல ஒருத்தி மனேச்சராய் இருந்தவள் எண்டு நீர்தான் சொன்னீர். வேலைக்குப் போன முதல் நாளே எந்தப் பெட்டி எங்க, எந்தச் சாமான் முடிஞ்சால் ஆரைக் கேக்கிறது எண்டு காட்டித் தந்தவள். மெசின் நிண்டால் அஞ்சு நிமிசத்தில ஆள் வரும். சம்பளம் வெள்ளிக்கிழமை எண்டால் வெள்ளிக்கிழமைதான். உம்மட கையும் காலும் அதேதான் மருமோன். கொட்டில்தான் வேற.

இந்தக் கரையில பிறந்தவனுக்கு ஏலாது எண்டு ஆரும் சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பக்கத்து வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணிக் கப்பல் 1938இல அத்திலாந்திக்கைத் தாண்டிப் போய் அமெரிக்காவின்ர குளொஸ்ரர் துறைமுகத்தில நிண்டது. கொண்டுபோனது வல்வெட்டித்துறை மாலுமியள். சோம்பேறியள் எண்டால் கப்பல் காங்கேசன்துறையோட நிண்டிருக்கும்.

போன வியாழக்கிழமை உம்மட வடைத் தொழிற்சாலையில வந்து இருந்தனே, ஞாபகமோ? கிழவன் வடை தின்ன வந்திட்டான் எண்டு நினைச்சிருப்பீர். திண்டனான்தான், மறுக்கேல்லை. உறைப்புக் கொஞ்சம் குறைவு, அதைப் பேந்து கதைப்பம். ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல பாத்துக்கொண்டிருந்தனான். பருத்தித்துறை வடையை உமக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உழுந்து, மா, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை. தட்டையாத் தட்டி, மொறுமொறுவெண்டு பொரிச்சால் கன நாளைக்குக் கெடாது, சூட்கேசில வைச்சு உலகம் முழுக்கக் கொண்டுபோகலாம். ஓடக்கரையில ஒரு ஆச்சி, ஒரு அடுப்பு, ஒரு தாச்சியோட செய்யிற வேலை. அதுக்கு நீர் பெரிய போட்டுப் போட்டு, "இன்ரநாசனல்" எண்டு எழுதி, மூலைக்கு மூலை கமராவும் பூட்டி வைச்சிருக்கிறீர்.

அஞ்சு பெட்டையள். ஒருத்தி குழைக்கிறாள், மூண்டு பேர் தட்டினம், ஒருத்தி பொரிக்கிறாள். தாச்சி ஒண்டு. தட்டுற மூண்டு பேரும் பத்து நிமிசத்தில நூறு வடை தட்டினம், நான் எண்ணினனான். தாச்சி ஒரு ஈட்டுக்கு இருபது எடுக்கும், அதுக்கு அஞ்சு நிமிசம். அப்ப பத்து நிமிசத்தில நாப்பது பொரியும், அறுபது தாளில கிடந்து காயும். ஓரம் வெடிக்கும். வெடிச்சதைத் திரும்பக் குழைக்க வேணும். ரெண்டாம் ஈட்டோட அந்தப் பிள்ளையளுக்கு விளங்கியிட்டுது, கெதியாத் தட்டினால் தங்கட தலையிலதான் விடியும் எண்டு. கை தானா மெதுவாப் போச்சு. உதைத்தான் நீர் ரெலிபோனில கமராவாலை பாத்துப்போட்டு "மாமா, பாருங்கோ, சோம்பேறியள்" எண்டு எனக்கு எடுத்துச் சொன்னீர். நான் உங்கையே இருக்கிறன் எண்டு உமக்குத் தெரியேல்லை. கமரா என்ர வழுக்கையைக் காட்டேல்லைப் போல.

பேந்துதான் கூத்து. எண்ணெய் முடிஞ்சுபோச்சு. எண்ணெய் அறை பூட்டு. திறப்பு உம்மட சேட்டுப் பொக்கற்றில. சேட்டு நெல்லியடியில, வங்கியில. அந்தப் பிள்ளை உமக்கு அடிச்சாள். நீர் மச்சானைக் கேக்கச் சொன்னீர். மச்சானிட்ட மற்றத் திறப்பு இருக்கு, மச்சான் யாழ்ப்பாணத்தில. முக்கால் மணித்தியாலம் மருமோன். அஞ்சு பேரும் சேலைத் தலைப்பால விசிறிக்கொண்டு இருந்தவை. தாச்சி ஆறிப்போச்சு. அஞ்சு தரம் முக்கால் எவ்வளவு எண்டு பெருக்கும், நீர் ஹாட்லியில கணக்குப் படிச்ச ஆள். கடைசியில நீர் வந்து இறங்கி முதல் கதைச்ச கதை என்ன? "ஏன் சும்மா இருக்கிறியள்?"

நான் வாயைத் திறக்கேல்லை. வாய்க்குள்ள வடை.

உதை என்ர பேத்தியிட்டச் சொல்ல அவள் விழுந்து விழுந்து சிரிச்சாள். கம்பஸில பொருளியல் படிக்கிறவள். "தாத்தா, உது மும்பையில நடந்த கதை" எண்டாள். நிக்கொலஸ் புளூம் எண்டொரு பேராசிரியரும் அவரோட சேர்ந்தவையும் மும்பைக்குக் கிட்ட 17 கொம்பனியின்ர 28 துணி ஆலையளை எடுத்து ஆராய்ச்சி செய்தவையாம். 2013இல அச்சில வந்தது. ஆலைக்குள்ள போய்ப் பாத்தால் நிலமெல்லாம் குப்பை, எந்த நூல் எந்த மூட்டையில எண்டு எழுத்தில்லை, மெசின் உடைஞ்சு நிண்ட பிறகுதான் திருத்துவினம். சில ஆலைக்கு ஒரு பெரிய ஆலோசனைக் கொம்பனியை மாசக்கணக்கில இலவசமாக் குடுத்து ஒழுங்குபடுத்தினவை. மற்றதுகளை அப்பிடியே விட்டு ஒப்பிட்டுப் பாத்தவை. ஆலோசகர்மார் சொன்னது என்ன தெரியுமோ? நிலத்தைக் கூட்டு. மூட்டைக்குப் பேர் எழுதி ஒட்டு. மெசின் நிக்க முன்னம் எண்ணெய் விடு. என்ன பிழைச்சது எண்டு ஒவ்வொரு நாளும் எழுதி வைச்சு இருந்து கதை. உதைச் சொல்ல எங்கட ஆச்சி காணும், ஒரு வெத்திலையோட அலுவல் முடிஞ்சிருக்கும். ஆனால் முதல் வருசத்திலேயே உற்பத்தித்திறன் 17 வீதம் கூடினது. ஆள் அதே ஆள், தறி அதே தறி.

முதலாளிமார் ஏன் உதை முன்னமே செய்யேல்லை? சிலருக்குத் தெரியாது. சிலருக்குத் தெரியும், தங்கட ஆலைக்குத் தேவையில்லை எண்டு நினைச்சவை. அதை விடும். எனக்குப் பிடிச்சது மற்றக் கதை. அந்த முதலாளிமார் வெளி ஆளை நம்பிப் பொறுப்புக் குடாயினம். மகன், தம்பி, மச்சான் எண்டு வீட்டில எத்தனை ஆம்பிளையோ அதுக்கு ஏத்தமாதிரித்தான் கொம்பனியும் பெருக்குமாம். கெட்டிக்காரன் வெளியில நிப்பான், மச்சான் திறப்போட யாழ்ப்பாணத்தில நிப்பான். பேத்தி உதைச் சொல்லேக்கை நான் உம்மட பேரை எடுக்கேல்லை. அவள்தான் எடுத்தவள்.

இன்னொண்டும் சொன்னாள். கன வருசம் கழிச்சுத் திரும்பிப் போய்ப் பாத்தால், பழக்கின முறையளில அரைவாசிக்குக் கிட்ட ஆலையளில கைவிட்டுப் போச்சாம். மனேச்சர் மாறினால் பழக்கமும் போயிடும். ஆனாலும் மிஞ்சின அரைவாசியால அந்த ஆலையள் மற்றதுகளை விட முன்னுக்குத்தான் நிண்டதுகளாம். உமக்கும் எனக்கும் அரைவாசி காணும்.

தேத்தண்ணியைக் குடியும், ஆறுது.

இப்ப நீர் என்ன யோசிக்கிறீர் எண்டு எனக்குத் தெரியும். மாசச் சம்பளத்தை விட்டுப்போட்டு வடைக்கு இவ்வளவு எண்டு எண்ணிக் காசு குடுப்பம், அப்ப ஓடி ஓடிச் செய்வினம் எண்டு. நான் பதின்மூண்டு வயசில ஒரு சுருட்டுக் கொட்டில்ல புகையிலைக் காம்பு கிழிச்சனான். சுத்துறவைக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு எண்டு கூலி. பத்துப் பன்னிரண்டு பேர் பாயில இருந்து சுத்துவினம், ஒராள் நடுவில இருந்து பேப்பர் வாசிப்பார். காலமை செய்தி, மத்தியானத்துக்குப் பிறகு தொடர்கதை. உவை பள்ளிக்கூடம் போகேல்லை, ஆனால் ஸ்ராலினைப் பற்றியும் தெரியும், கல்கியின்ர கதையில அடுத்த கிழமை என்ன நடக்கும் எண்டும் தெரியும். கியூபாவிலயும் சுருட்டுக் கொட்டிலுகளில உப்பிடித்தான் ஒராள் வாசிக்கிறவராம். கதை நல்ல இடத்தில நிக்கேக்கை ஒருத்தரும் வெத்திலை போடக்கூட எழும்ப மாட்டினம். கமராவை விட அது மலிவு.

ஆனால் எண்ணிக்கைக் கூலியின்ர மற்றப் பக்கத்தையும் கேளும். ஆயிரத்துக்குக் காசு எண்டால் ஆயிரம் வரும். பின்னேரமாக ஆக உள்ளுக்கு வைக்கிற இலை குறையும், சுருட்டு நோஞ்சானாப் போகும். முதலாளி லேசுப்பட்டவரோ? கட்டை எடுத்து உருட்டிப் பாத்து "இது கழிவு, இது கழிவு" எண்டு நூறில பத்தைத் தள்ளுவார், அதுக்குக் கூலி இல்லை. இருட்டினாப்பிறகு அந்தக் கழிவைத் தனிக் கட்டாக் கட்டி வித்துப்போடுவார். நான் கண்டனான், கட்டினதே நான்தான். அவன் இலையில களவெடுப்பான், இவர் எண்ணிக்கையில களவெடுப்பார், குடிக்கிறவன் இருமிக்கொண்டு திரிவான். நீரும் வடைக்குக் காசு எண்டு துவங்கினால் வடை சல்லிக்காசு அளவில வரும். பேந்து நீர் அடிமட்டத்தோட நிக்க வேண்டிவரும்.

பேந்து கடலுக்குப் போனன். முப்பது வருசத்துக்கு மேல. கூலிக் கணக்கு எண்டால் என்ன எண்டு அங்கதான் பழகினனான். வள்ளத்துக்கு, வலைக்கு, எஞ்சினுக்கு எண்டு சம்மாட்டிக்குப் பங்கு. ஏறின ஆக்களுக்குத் தங்கட பங்கு. எவ்வளவு எண்டது துறைக்குத் துறை, வாடிக்கு வாடி மாறும். ஆனால் வள்ளம் தள்ள முன்னம் கரையில வைச்சுப் பேசினது பேசினதுதான். விடிய வந்து மீனைக் கூறு போட்டு எல்லாற்றை கண்ணுக்கு முன்னாலயும் ஏலம் விடுவினம். என்ன விலை போச்சு எண்டு கடைசிப் பெடியனுக்கும் தெரியும். எண்ணெய்க் காசைக் கழிச்சு மிச்சத்தைப் பிரிக்க வேண்டியதுதான். நடுக்கடலில, நடுச்சாமத்தில மேற்பார்வையாளர் இல்லை, கமரா இல்லை, பிந்தினால் நூறு ரூபா வெட்டு இல்லை. ஒருத்தன் நித்திரை கொண்டால் பக்கத்தில இருக்கிறவன் தட்டி எழுப்புவான், ஏனெண்டால் அது அவன்ர பங்கும்தான்.

உடன பங்குதான் சொர்க்கம் எண்டு நினைச்சிடாதையும். லாபத்தில பங்கு எண்டால் நட்டத்திலயும் பங்கு. 2022 ஓகஸ்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து ஒரே இரவில 340க்குப் போனது. இந்தக் கரையில எஞ்சின் ஓடுறது மண்ணெண்ணெயில. அடுத்த நாள் எங்கட பெடியளின்ர கை குறைஞ்சு போச்சோ? இல்லை. வலை அதே வலை, வலிச்ச தோள் அதே தோள். எண்ணெய்க் காசு கழிக்கப் பங்கு பூச்சியம், கனபேர் வள்ளத்தைக் கவிட்டுப்போட்டு இருந்தவை. உங்கால இந்திய றோலர் வந்து அடியோட வாரிக்கொண்டு போகும், வலையையும் அறுத்துக்கொண்டு போகும். 2017இல இழுவைமடிக்கு எங்கட நாட்டில சட்டத்தால தடை போட்டாச்சு. சட்டம் பாராளுமன்றத்தில இருக்கு, றோலர் கடலில நிக்குது. அப்ப "மீன் குறைவு, ஆக்கள் உழைக்கினமில்லை" எண்டு கொழும்பில இருந்து ஆரும் கணக்கு எழுதினால் என்ன செய்யலாம்? உழைப்பு வேற, உழைப்பின்ர பலன் வேற. நடுவில கன கள்ளர் நிக்கினம்.

அதுக்குள்ள இன்னொரு சூட்சுமம். வலை வாங்க முற்பணம் குடுத்த வியாபாரிக்குத்தான் மீன் விக்க வேணும், அவர் சொன்ன விலைக்கு. பக்கத்தில கூடக் கேக்கிறவன் நிண்டாலும் அவனிட்டப் போகேலாது. போக இடமில்லாதவனுக்கு விலை சொல்லுற வாய் இல்லை.

இப்ப உம்மட மடியிலயே கை வைக்கிறன், கோவிக்காதையும். நீர் ஏன் கனடாவில துவங்காமல் இஞ்ச துவங்கினீர்? ஊர்ப் பாசம் எண்டீர், இருக்கட்டும். அதோட, கூலி மலிவு, புருசன் இல்லாத வீட்டுப் பெட்டையளுக்குச் சின்னப் பிள்ளையளை விட்டிட்டுத் தூரத்துக்குப் போகேலாது, பக்கத்தில வேற தொழிற்சாலை இல்லை. சரியோ? தலையை ஆட்டாதையும், உம்மட காது சிவந்திட்டுது, அது காணும்.

சட்டம் என்ன சொல்லுது? நாட்டின்ர ஆகக்குறைஞ்ச மாசச் சம்பளம் 2016இல 10,000 ரூபா எண்டு வைச்சவை. 2025 ஏப்ரலில 27,000, 2026 தையில இருந்து 30,000. அதுக்கு மேல ஊழியர் சேமலாப நிதிக்கு நீர் 12 வீதம், அவை 8 வீதம், நம்பிக்கை நிதிக்கு நீர் இன்னும் 3 வீதம். நீர் கையில காசாக் குடுக்கிறீர், புத்தகத்தில பேர் இல்லை. ஆகக்குறைஞ்சது எண்டால் அதுக்குக் கீழ போகாத எண்டு அர்த்தம் மருமோன். நீர் அதை மேல் எல்லை எண்டு வாசிச்சிருக்கிறீர்.

ஒழுங்கு வந்தால் சம்பளம் தானாக் கூடும் எண்டு பேத்தியின்ர புத்தகங்களில எழுதியிருக்காம். அவளே நம்பேல்லை. பெங்களூரில உடுப்புத் தைக்கிற பெண்களுக்குப் பேச்சு, நேரம், கணக்கு எண்டு பழக்கிப் பாத்தவை. வேலை நல்லாக் கூடினது. கொம்பனிக்கு நல்ல லாபம். சம்பளம் பேருக்குத்தான் அசைஞ்சது. ஏன் அசைய வேணும்? அவள் கெட்டிக்காரியாப் போனது அடுத்த தெருக் கொம்பனிக்குத் தெரியாது, கேக்கிற பழக்கம் இவளுக்கு இல்லை, குடுக்கிற பழக்கம் முதலாளிக்கு இல்லை. அதுதான் சொல்லுறன், எங்கட கடற்கரையில பங்கை முதல் பேசிப்போட்டுத்தான் வள்ளம் தள்ளுறது. மீன் வந்தாப்பிறகு பேசினால் கத்தி எடுப்பாங்கள்.

அரசாங்கம் ஆளுக்கு இவ்வளவு எண்டு மானியம் தந்தால் இன்னும் நாலு பேரை எடுப்பன் எண்டு போன மாசம் சொன்னீரெல்லே. அதையும் இந்த நாட்டில செய்து பாத்தாச்சு. பேராதனைப் பல்கலைக்கழகச் சுரேஷ் டி மெல்லும், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்ரோபர் வூட்றவ் எண்ட ரெண்டு பேரும், சின்னச் சின்னத் தொழில் செய்யிறவைக்கு வேலையாள் எடுக்க எட்டு மாசம் சம்பளத்தில ஒரு பகுதியைக் குடுத்துப் பாத்தவை. காசு வந்த மாசங்களில ஆள் எடுத்தவை. காசு நிண்டது, கொஞ்ச நாளில ஆளும் நிண்டது. லாபமும் கூடேல்லை. ஒரு தாச்சிக்கு முன்னால இன்னும் நாலு பேரை இருத்தினால் என்ன நடக்கும்? இன்னும் நாலு பேர் விசிறுவினம்.

"அப்ப மாமா, சங்கம் வைச்சு அவையளிட்டயே குடுக்கச் சொல்லுறியளோ?" எண்டு கேப்பீர். உங்கால திக்கத்தில இருக்கு வடிசாலை. மரம் ஏறிக் கள்ளு இறக்கினவையின்ர கூட்டுறவுச் சங்கங்களின்ர சொத்து. தவறணைக் குத்தகைக்காரன் விலை சொன்ன காலம் போய், ஏறினவனுக்கும் சங்கத்தில ஒரு வாக்கு எண்டு வந்தது பெரிய காரியம், நான் கண்ணால கண்டனான். ஆனால் அந்த வடிசாலை பூட்டுது, திறக்குது, ஆரிட்டக் குடுக்கிறது எண்டு சண்டை எண்டு பேப்பரில எத்தனை தரம் வாசிச்சிட்டன். முதலாளி இல்லாட்டிலும் மனேச்சர் வேணும் எண்டதுக்கு நாலு மைலுக்குள்ள சாட்சி. முதலாளி இருந்தும் மனேச்சர் இல்லை எண்டதுக்குச் சாட்சி என்ர வாங்கில இருந்து தேத்தண்ணி குடிக்குது.

சரி, எழும்பும், பொழுது படுகுது. போற வழியில நவீன சந்தையில ரெண்டு பெரிய தாச்சி வாங்கும். எண்ணெய் அறைத் திறப்பைப் பொரிக்கிற பிள்ளையின்ர கையில குடும், மச்சானுக்கு வேற சோலி பாத்துக் குடுக்கலாம். ஒரு கொப்பியும் பேனையும் சுவரில கட்டிவிடும், என்னென்ன முடிஞ்சுது, என்ன பிழைச்சது எண்டு அவையே எழுதட்டும். அஞ்சு பேரையும் இருத்தி, மாசம் இத்தனை பைக்கற்றுக்கு மேல போனால் மிச்சத்தில இவ்வளவு உங்களுக்கு எண்டு வாயால சொல்லும், சொன்னதை அதே கொப்பியில எழுதும், சேமலாப நிதிக்குப் பேரையும் பதியும். காசு காணாதெண்டால் கமராவைக் கழட்டி வித்துப்போடும். தாச்சிக் காசு வந்திடும்.

உறைப்புக் குறைவு எண்டனே, அதையும் அந்தப் பிள்ளையளைக் கேளும். செத்தல் மிளகாயும் அந்த அறைக்குள்ளதானாம்.